கோசவிக் துறைக் குரல்காரி எல்ஸ்பா

எல்ஸ்பாவின் பெயரைச் சொன்னால் கோசவிக்கில் இன்றும் சிலருக்கு முகம் கோணும். வாய்த்துடுக்கு பிடித்தவள் என்பார்கள். துடுக்குதான், யார் இல்லை என்றது? அந்த வாய் மட்டும் இல்லாவிட்டால் முகத்தைக் கோணிக்கொள்ள இவர்களில் பாதிப் பேர் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். இதை அவர்களுடைய முகத்துக்கு நேரே நான் சொல்லியாயிற்று. இங்கேயும் சொல்கிறேன்.

பரோ தீவுகளின் வடகோடியில் இருக்கிறது எங்கள் ஊர். மணல்கரை என்ற பேச்சுக்கே இடமில்லை. துறை என்று நாங்கள் சொல்வது ஒரு பாறைப் பிளவு. படகு நுழைந்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் மிஞ்சும், அவ்வளவுதான். அலைகள் வரிசையாக வந்து அறைந்துவிட்டு நடுவில் சற்று மூச்சு வாங்கும். அந்த இடைவெளியில் உள்ளே புகுந்து, குதித்து, படகைச் சரிவில் பதித்த திமிங்கல எலும்புகள்மேல் சறுக்கி இழுத்து மேலே ஏற்றிவிட வேண்டும். பிந்தினால் அடுத்த வரிசை வந்து படகைத் தூக்கிப் பாறையில் அடிக்கும். படகில் தாழ உட்கார்ந்திருப்பவனுக்கு ஓர் அலைதான் தெரியும், அதற்குப் பின்னால் வருவது தெரியாது. அதனால் பிளவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பாறையில் ஒருவர் நின்று பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். "நில்" என்றால் நிற்க வேண்டும். "வா" என்றால் எலும்பு முறியத் தண்டு, அதாவது துடுப்பு, வலிக்க வேண்டும். படகு இறங்குவதற்கும் அந்தக் குரல்தான்.

அந்தப் பாறையில் ஆண்கள்தான் நிற்பது வழக்கம். எல்ஸ்பா ஏறி நின்றதற்குக் காரணம் படகு ஊழியம்.

பாதிரியோ அதிகாரியோ ஊருக்கு வந்துவிட்டால் அவரை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய் விடுவது எங்கள் ஆண்களின் தலையில் விழும். வெட்டிய புல் மழையில் கிடக்கட்டும், வீட்டில் பிள்ளை காய்ச்சலில் கிடக்கட்டும், கூப்பிட்டால் தண்டு வலிக்கப் போக வேண்டும். மறுத்தால் அபராதம். கூலி என்று கையில் வைப்பது புகையிலைக்குக் காணாது. இதற்குச் சட்டம் என்று பெயர். எழுதியவன் ஒருநாளாவது எங்கள் பிளவுக்குள் படகு ஏற்றிப் பார்த்திருந்தால் பேனாவைக் கடலில் எறிந்திருப்பான்.

எல்ஸ்பா கல்யாணமாகி இரண்டாவது இலையுதிர்காலம். அவள் புருஷன் தும்மாஸும் ஏழு பேரும் அப்போதிருந்த அதிகாரி ஒருவரை எதிர்த் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். அவர் இறங்கி, கணப்படுப்பு எரியும் அறைக்குள் போய்விட்டார். வலித்தவர்களுக்கு அங்கே படுக்க இடமில்லை. திரும்பினார்கள். இந்தக் காற்றில் எவன் திரும்புவான் என்று குரல் கொடுக்கும் கிழவர் வீட்டுக்குப் போய்விட்டார். பாறையில் ஆளே இல்லை. இவர்களாகவே கணக்குப் போட்டு உள்ளே வந்தார்கள். கணக்குத் தப்பிவிட்டது. மூன்று பேர் மிஞ்சினார்கள். அந்த மூவரில் தும்மாஸ் இல்லை.

அதிகாரி வருத்தம் தெரிவித்து ஆள் அனுப்பினார். மறுநாள் காலை மீன்பிடிக்கப் படகு இறங்கும்போது அவள் பாறையில் நின்றுகொண்டிருந்தாள்.

கிழவர் கீழிருந்து சத்தம் போட்டார். "எறங்கு புள்ள. ஆம்பளைங்க நிக்கிற எடம் அது."

"அன்னிக்கு எந்த ஆம்பள நின்னான்?" என்றாள் எல்ஸ்பா.

கிழவர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அன்றிலிருந்து அந்த இடம் அவளுடையதாகிவிட்டது. பொம்பளைக் குரலுக்குப் படகு நிற்குமா என்று முதலில் இளித்தவர்கள் உண்டு. ஆனால் அவள் குரல் மெல்லியது, கூர்மையானது. ஆண் குரல் அலைச் சத்தத்தோடு கலந்துவிடும், இவள் குரல் கலக்காது. அது தெரிந்த பிறகு இளிப்பு அடங்கிவிட்டது. படகு வெளியே இருக்கிறதென்றால் பனியானாலும் மழையானாலும் அவள் நிற்பாள், பின்னிக்கொண்டிருக்கும் காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு.

சில வருஷம் கழித்து ஹானுஸ் அவளைக் கேட்டான். எங்கள் படகின் தலைவன் அவன். அதிர்ந்து பேசமாட்டான்.

"தெனமும் உன் குரலக் கேட்டுத்தான் கரையேறுறேன். வீட்லயும் கேட்டுட்டுப் போறேனே" என்றானாம்.

"வீட்லயும் நான் சொல்றதுதான் நடக்கும். யோசிச்சிட்டு வா" என்றாள் எல்ஸ்பா.

அவன் யோசித்துவிட்டு மறுநாளே வந்தான்.

இப்படி இருக்கும்போதுதான் நிக்லாஸ் வந்து சேர்ந்தார். வடதீவுகளுக்கெல்லாம் புதிதாக வந்த அதிகாரி. வரி, வழக்கு, அபராதம் எல்லாம் அவர் கையில். வெளியூரான் இல்லை, தெற்குத் தீவில் ஒரு படகுக்காரரின் மகன். சின்ன வயதில் தண்டு வலித்துக் கை காய்த்தவர்தான். அதனாலேயே எங்களுக்கு எரிச்சல் அதிகம். தெரியாதவன் தப்புச் செய்தால் மன்னிக்கலாம், தெரிந்தவனை என்ன செய்வது?

அது வசந்தகாலத் தொடக்கம். பலசாலிகளெல்லாம் மீன்பிடிக்கப் பாய்க்கப்பலில் ஐஸ்லாந்துக்குப் போய்விட்டார்கள். ஊரில் தண்டு பிடிக்கத் தெம்புள்ளவர்கள் ஹானுஸையும் சேர்த்து ஏழு பேர். படகுக்கோ எட்டுத் தண்டு. நிக்லாஸ் வந்து இறங்கியதும் வடமேற்கிலிருந்து அலை எழும்பிவிட்டது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் காலை ஆள் விட்டார். எதிர்த் தீவுக்குப் போக வேண்டும், உடனே, அலுவல் என்று. அலுவல் என்னவென்று ஊருக்கே தெரியும். எதிர்த் தீவுக் கடைக்காரர் வீட்டில் கல்யாண நாள் விருந்து.

ஏழு பேரும் துறைக்கு வந்து நின்றார்கள். அபராதத்துக்குப் பயந்து மட்டுமல்ல. கடலுக்குப் பயந்தவன் என்று பெயர் வாங்குவதைவிடச் சாவு மேல் என்று நினைக்கிற ஜாதி எங்கள் ஆண்கள். படகைத் தண்ணீர் ஓரம்வரைக்கும் தள்ளிவிட்டார்கள். நிக்லாஸ் பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார்.

எல்ஸ்பா பாறையிலிருந்து இறங்கி வந்தாள். ஒரு புருஷனை இந்தப் பிளவு விழுங்கிவிட்டது, இப்போது இன்னொருவனைக் கேட்கிறது. திரும்பவும் இங்கே நின்று பிணத்தை எதிர்பார்க்க அவளால் ஆகாது. அவள் மனதில் அதைத் தவிர வேறொன்றும் இல்லை. படகுக்குள் குனிந்து, தண்ணீர் கிடக்கிறதா என்று பார்ப்பதுபோலப் பார்த்தாள். தண்ணீர் வடிவதற்கான அடிப்பலகைத் துளையை அடைக்கும் மரத் தக்கையைப் பிடுங்கி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஹானுஸ் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தான்.

"இன்னிக்குப் படகு எறங்காது" என்றாள் எல்ஸ்பா.

நிக்லாஸ் அவளை அப்போதுதான் கவனித்தார். "யாரும்மா நீ?"

"குரல் குடுக்கிறவ."

"அப்ப மேல போய் நின்னு குரல் குடு. படகு எறங்குமா எறங்காதாங்கிறத நான் பாத்துக்கிறேன்."

"நீங்க என்னத்தப் பாப்பீங்க? ஏழு பேர் வலிக்க, நீங்க எட்டாவதா மூட்டை மாதிரி குந்தியிருப்பீங்க. போய்ச் சேந்தா எறங்கி விருந்துக்குப் போயிருவீங்க. நீங்க கடக்கிறது ஒருவாட்டி. இவங்க ரெண்டுவாட்டி."

"சட்டம் தெரியுமா உனக்கு?"

"நல்லாத் தெரியும் ஐயா. எம் மொதப் புருஷனத் தின்ன சட்டந்தானே. ஹானுஸையும் அதுக்குத் தர மாட்டேன், தக்கை எங்கிட்ட இருக்கு."

நிக்லாஸின் கழுத்துவரை சிவந்துவிட்டது. ஊர் முழுக்கத் துறையில் கூடிவிட்டது. அவர் ஹானுஸிடம் திரும்பினார். "உம் பொண்டாட்டிதானே? தக்கைய வாங்கு."

"வாங்கலாங்க ஐயா" என்றான் ஹானுஸ். "ஆனா அவ வச்சிருக்கிற எடத்துல ஊர் முன்னால கை விட எனக்குக் கூச்சமா இருக்கு."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். சிரிப்பை மறைக்கிற இருமல்.

"சரி. புதுசா ஒண்ணு செதுக்குங்க. சீக்கிரம்" என்றார் நிக்லாஸ்.

இங்கேதான் எங்கள் ஊரை எனக்குப் பிடிக்கிறது. எங்கள் தீவில் பிறந்த ஆண் குளிக்கும்போதுகூடக் கத்தியைக் கழற்றமாட்டான். அன்றும் அத்தனை பேர் இடுப்பிலும் உறையோடு கத்தி தொங்கிற்று. ஒருவரும் அசையவில்லை.

"கத்தி மழுங்கிப் போச்சுங்க" என்றான் ஒருவன்.

"நம்ம தீவுல மரம் ஏதுங்க ஐயா?" என்றான் இன்னொருவன், கடல் ஒதுக்கிய கட்டைக் குவியல்மேல் உட்கார்ந்துகொண்டே.

மிக்யால் என்று ஒரு விளையாட்டுக்காரன், மூன்றாம் தண்டுக்குப் பின்னால் வலிப்பவன். அவன் கத்தியை உருவி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு உறையில் போட்டான். "எங்கத்தி ஆட்டுக்கறி மட்டுந்தான் அறுக்கும். மரத்தக் காட்டினா கோவிச்சுக்கும்" என்றான்.

வேறொருவராக இருந்தால் கத்தியிருப்பார். நிக்லாஸ் கத்தவில்லை. மிக்யாலின் உறையிலிருந்து கத்தியை அவரே உருவினார். குவியலில் ஒரு கட்டையை எடுத்தார். பாறைமேல் உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடி செதுக்க ஆரம்பித்தார். கை பழகிய கைதான். சுருள் சுருளாகக் கட்டை உதிர்ந்தது. கூட்டத்தில் இருந்த சிரிப்பு அடங்கிவிட்டது. தக்கை தயாராகிவிட்டால் அப்புறம் சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஏழு பேரும் போயாக வேண்டும்.

எல்ஸ்பா படகின் விளிம்பில் ஏறி உட்கார்ந்தாள். "செதுக்குங்க. என்னைத் தூக்கி எறிஞ்சிட்டுத்தான் இதத் தள்ளணும்."

"எறியறதுக்கும் சட்டம் இருக்கு" என்றார் நிக்லாஸ், தலையை நிமிர்த்தாமல். "உம்மேல வழக்கு நிச்சயம். அது வேற."

பிறகு கத்தி நின்றுவிட்டது. நிக்லாஸ் எழுந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"அங்க அது என்ன, வெள்ளையா?"

எல்லாரும் திரும்பினார்கள். துறைக்கு நேர் எதிரே, எதிர்த் தீவுக்குப் போகிற வழியில் பாதிகூட இல்லாத தூரத்தில், ஒரு திட்டு இருக்கிறது. அதில் ஒரே குடும்பம். சகாரியாஸும் அவன் பெண்டாட்டி மாலனும். அவர்கள் வீட்டுக்கு மேலே பச்சைச் சரிவில் ஒரு வெள்ளைத் துணி விரித்திருந்தது. ஒரு துணி என்றால் ஆள் வேண்டும். இரண்டு என்றால் சவப்பெட்டிக்குப் பலகை வேண்டும். மாலனுக்கு இது நிறைமாதம்.

மருத்துவச்சி பில்லா கூட்டத்தில்தான் நின்றாள். தடித்த உடம்பு. "முந்தின வாரம் பாத்தப்பவே பிள்ள குறுக்கால கெடந்துச்சு" என்றாள். பையை எடுக்க வீட்டுக்கு ஓடினாள்.

எல்ஸ்பா விளிம்பிலிருந்து இறங்கினாள். ரவிக்கைக்குள்ளிருந்து தக்கையை எடுத்துத் துளையில் வைத்து, கல்லால் அடித்து இறுக்கினாள். கடல் அதே கடல். ஹானுஸ் அதே ஹானுஸ்.

"யாரு வரீங்க?" என்று கேட்டாள். "வராதவன நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். சத்தியமாச் சொல்லமாட்டேன்."

ஏழு பேரும் தங்கள் இடத்துக்குப் போய்விட்டார்கள். மிக்யால் மட்டும், "ஏங்க்கா, காலைல சாவுன்னு சொன்ன கடலு, இப்ப நல்ல பிள்ளையாயிருச்சா?" என்றான்.

"கடல் அதேதான்டா. ஆனா இது விருந்து இல்ல. அப்புறம், இப்ப எட்டு பேர்."

"எட்டாவது எவன்?"

அவள் நிக்லாஸைப் பார்த்தாள். அவர் அதற்குள் படகின் பின்புறத்தில் பயணி உட்காரும் பலகை அருகே வந்து நின்றிருந்தார். பழக்கதோஷம்.

"அங்க பில்லா உக்காருவா" என்றாள் எல்ஸ்பா. "உங்க எடம் மூணாவது தண்டு. ஆளில்லாம கெடக்கு. கோட்டோட வலிக்க முடியாது, கழட்டுங்க."

அதிகாரியைத் தண்டில் உட்கார்த்திய கதை அதற்குமுன் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. நிக்லாஸ் அவளை முறைத்தார். பிறகு சரிவில் கிடந்த துணியைப் பார்த்தார். கோட்டைக் கழற்றிப் பாறையில் போட்டுவிட்டு மூன்றாவது பலகையில் போய் உட்கார்ந்தார். இதற்காக அவரை நான் பாராட்டப்போவதில்லை. மற்ற ஏழு பேரையும் யார் பாராட்டினார்கள்?

எல்ஸ்பா பாறையில் ஏறினாள். ஒரு வரிசை போகவிட்டாள். இன்னொன்றையும் போகவிட்டாள். "போ!" என்றாள். படகு பிளவிலிருந்து பாய்ந்தது. வாயைத் தாண்டியதும் வழக்கப்படி ஆண்கள் தொப்பியைக் கழற்றி ஒரு கணம் ஜெபம் சொன்னார்கள். கழற்றத் தொப்பி இல்லாத தலை ஒன்று நடுவில் குனிந்தது. அது நிக்லாஸ்.

அங்கே நடந்ததை ஹானுஸ் பிறகு சொன்னான். திட்டில் படகு ஏற்ற இடம் கிடையாது. வழவழப்பான பாறைதான். படகைப் பாறைக்கு அருகில் பிடித்து நிறுத்தி, அலை தூக்கும்போது ஆளைத் தாண்டவிட வேண்டும். சகாரியாஸ் இடுப்பில் கயிறு கட்டி நின்றான். பில்லாவைத் தூக்கிவிட்டார்கள். அவள் கனத்தில் சகாரியாஸ் மல்லாக்க விழுந்தான். பை நனையாமல் தப்பியது. அடுத்த அலைக்குச் சகாரியாஸ் நிக்லாஸிடமும் கையை நீட்டினான். "ஐயா, நீங்களும் தாவிருங்க. அடுப்பு எரியுது, கடல் அடங்கினப்புறம் போலாம்."

நிக்லாஸ் அந்தக் கையைப் பார்த்தார். திரும்பி ஏழு பேரையும் பார்த்தார். அவர் போனால் ஒரு பக்கம் மூன்று தண்டு, ஒரு பக்கம் நான்கு. அந்த அலையில் அதோடு கரையேறுவது எப்படி என்று எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"தள்ளுங்க" என்றார் நிக்லாஸ். தண்டை இறக்கினார்.

அவர்கள் திரும்பி வந்தபோது அலை இன்னும் ஏறியிருந்தது. எல்ஸ்பா பாறையில் நின்று கையை விரித்தாள். "நில்!" படகு பிளவுக்கு வெளியே நின்றது. பின்வாங்கி, முன்னேறி, தண்டுகளால் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நின்ற இடத்தில் நிற்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். தோள் கழன்றுவிடும். ஒரு வரிசை போயிற்று. கடல் கொஞ்சம் தணிந்தது. அவள் கூப்பிடவில்லை.

படகிலிருந்து ஒரு குரல் கத்தியது. "கூப்பிடேன்! இப்ப வரலாமே!"

நிக்லாஸின் குரல்.

"நில்!" என்றாள் எல்ஸ்பா.

"கை விட்டுப்போச்சு! கூப்பிடு, ஏய்!"

"நில்லுன்னா நில்லுங்க!"

தணிந்த கடலுக்கு அப்பால் ஒரு கரும்பட்டை எழுந்து வருவது அவளுக்குத் தெரிந்தது. படகில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அது வந்தது. படகைத் தூக்கி இறக்கிவிட்டு, பிளவுக்குள் புகுந்து, உச்சிப் பாறைவரை வெளுத்துச் சிதறியது. எல்ஸ்பா தொப்பலாக நனைந்தாள். நிக்லாஸின் கோட்டை அது வாரிக்கொண்டு போய்விட்டது. அதன் பின்னால் வந்ததும் உடைந்தது. மூன்றாவதும் உடைந்தது.

"வா!"

வந்தார்கள். கரையில் நின்ற பெண்களும் கிழவர்களும் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி விளிம்பைப் பிடித்தார்கள். அத்தனை பேரும் சேர்ந்து படகை மேலே இழுத்துவிட்டார்கள். எல்ஸ்பா இறங்கி ஓடி ஹானுஸின் காதைப் பிடித்துத் திருகினாள். ஊர் முன்னால் அவனைக் கட்டிப்பிடித்து அழ அவளுக்கு வெட்கம், வேறொன்றுமில்லை. அழத்தான் செய்தாள், காதை விடாமல்.

மறுநாள் காலை அந்தச் சரிவில் துணி இல்லை. அப்படியென்றால் எல்லாம் நலம். பெண் குழந்தை, குறுக்கே கிடந்ததைப் பில்லா திருப்பி எடுத்திருந்தாள்.

நிக்லாஸ் ஹானுஸ் வீட்டில்தான் படுத்தார். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துக் கிழிந்திருந்தது. எல்ஸ்பா ஆட்டுக்கொழுப்புத் தடவித் துணி சுற்றிவிட்டாள். காற்றில் காய்ந்த ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்தாள். அவர் சாப்பிட்டு முடித்தார்.

"உம்மேல வழக்குப் போடணும்" என்றார். "ஊர் முன்னால நடந்துபோச்சு. எனக்கு வேற வழி இல்ல."

"போடுங்க."

"தக்கையப் பிடுங்கலன்னு சொன்னா விட்டுருவேன்."

"பிடுங்கினேனே. எதுக்குப் பொய் சொல்லணும்?"

"புடிவாதக்காரி."

"ஆமா. ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்க. மன்றத்துக்கு என்னையக் கொண்டுபோக எங்கூர்க்காரன் எவனும் தண்டத் தொடமாட்டான். குற்றவாளியக் கூட்டிட்டுப் போறது அதிகாரி பொறுப்புதானே?"

கடல் அடங்கியதும் அவர் கிளம்பிப் போனார், கோட்டு இல்லாமல்.

வழக்குப் போட்டார், சொன்னபடி. கோடையில் மன்றம் கூடியது. அவளைக் கொண்டுவரச் சொல்லி எங்கள் ஊருக்கு ஆள் வந்தது. ஹானுஸுக்குத் தோள் பிசகிவிட்டது. மிக்யாலுக்குத் தலைசுற்றல், கடலைப் பார்த்தாலே வருகிறதாம். மற்றவர்களுக்கு வயிறு, பல், முதுகு. அபராதம் என்று பயமுறுத்தியதற்கு, எல்லாருக்குமே போடுங்கள் என்றார்கள். அதற்குள் கதை தீவு தீவாகப் போய்விட்டது. அதிகாரி பக்கத்து ஊரில் படகு கேட்டார். தாராளமாகத் தருகிறோம், ஒரே ஒரு தண்டுக்குத்தான் ஆள் குறைகிறது என்றார்கள் அவர்கள். அதற்கடுத்த ஊரிலும் ஒரு தண்டுக்குத்தான் ஆள் குறைந்தது. என்ன பொருத்தம் பாருங்கள்.

ஆகவே நிக்லாஸ் வெளியூர்ப் படகில் எட்டாவது ஆளாக அவரே வலித்துக்கொண்டு வந்தார்.

எல்ஸ்பா ஞாயிற்றுக்கிழமைப் பாவாடை கட்டிக்கொண்டு, வெள்ளிப் பொத்தான் வைத்த ரவிக்கை போட்டுக்கொண்டு, பயணிப் பலகையில் உட்கார்ந்தாள். பில்லாவை விட்டால் எங்கள் ஊரில் பிறந்த ஒருவர் அந்தப் பலகையில் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தோம். அவளுக்கு நேர் எதிரே, முகத்துக்கு முகம், நிக்லாஸ் வலித்தார். வழி நெடுக அவள் காலுறை பின்னினாள்.

மன்றத்தில் நடுவர் கேட்டார், தக்கையை எடுத்தாயா என்று.

"எடுத்தேன்."

"அதிகாரி கேட்டும் தரலையா?"

"தரல."

"இனிமே இப்படிச் செய்வியா?"

"அன்னிக்குக் கடல் எப்படியிருக்குன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

அபராதம் விதித்தார்கள். கட்டமாட்டேன் என்றாள். ஆட்டை ஜப்தி செய்வோம் என்றார்கள். செய்யுங்கள், ஆனால் ஆட்டைக் கொண்டுவரவும் படகு வேண்டுமே, எட்டாவது ஆளைத் தேடிக்கொள்ளுங்கள் என்றாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், நடுவர் மேசையைத் தட்டினார். நிக்லாஸ் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். ஆடு கடைசிவரை ஜப்தியாகவில்லை. படகு ஊழியத்தை அரசாங்கம் பல வருஷம் கழித்து நீக்கியது, அதற்கு வேறு வேறு காரணம் சொல்வார்கள். எங்கள் துறையில் அதன் கொட்டம் அன்றோடு அடங்கியது. அதன் பிறகு வந்த எந்த அதிகாரியும் எல்ஸ்பா பாறையில் ஏறி நிற்காத நாளில் படகு கேட்டதில்லை.

தீர்ப்பு முடிந்ததும் எல்ஸ்பா நேராக நிக்லாஸிடம் போனாள்.

"கெளம்பலாமா ஐயா?"

"இன்னிக்கே போகணுமா?" என்றார். "காத்து மாறுது. எனக்கு இங்க வேலை இருக்கு."

"கொண்டுவந்தது நீங்க. கொண்டுபோய் விடுறது எவன் பொறுப்பு?"

அவர் காகிதங்களை மடித்து வைத்தார். அவளோடு படகுக்கு நடந்தார்.

காற்று அவர் சொன்னபடியே மாறியது. கோசவிக் வாயை அடையும்போது அலை ஏறிவிட்டது. பாறையில் ஆள் இல்லை, அங்கே நிற்க வேண்டியவள் படகில் இருக்கிறாள். எல்ஸ்பா பயணிப் பலகைமேல் எழுந்து நின்று, பக்கத்திலிருந்தவன் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும் அலைகளைத் திரும்பிப் பார்த்தாள். வெளியூர்க்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். இப்போதே நுழையலாம் என்றான் ஒருவன். திட்டுப் பக்கம் ஒதுங்கிவிடலாம் என்றான் இன்னொருவன்.

"வாய மூடுங்கடா" என்றார் நிக்லாஸ். கையில் ரத்தம் கசிந்தது. தண்டைத் தண்ணீரில் பிடித்தபடி அவளை அண்ணாந்து பார்த்தார். "நீ சொல்லும்மா."

"இன்னும் இல்ல" என்றாள் எல்ஸ்பா.

அவர் காத்திருந்தார்.